ஆறு கிலோமீட்டர் தாண்டாத வண்டி

பிப்ரவரி 6. மீட்டர் 61,240.

மாப்ளே,

உன் அக்காவை நான் சரியா பாத்துக்கலைன்னு சொல்ல உனக்கு எத்தனை முழம் நாக்கு? முப்பத்தெட்டு வருஷமா வேற யார் பாத்தா? எங்க கல்யாணத்தன்னைக்கு ட்ரவுசருக்குப் பொத்தான் இல்லாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளு நீ. அந்தக் கையைத்தான் இப்ப இடுப்புல வெச்சுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றே.

மூணாந்தேதி தெருமுனைக் கடை போன்ல நீ கத்தின கத்துக்குக் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திட்டு உக்காந்து கேட்டாரு. இப்ப தெரு முழுக்க நம்ம கதைதான். கடைசியில, இனிமே உங்க குரலே என் காதுல விழக்கூடாதுன்னு வெச்சுட்டே. சரி, விழாது. இது கடுதாசி. கண்ணாலதான் படிக்கணும்.

நடந்தது இதுதான். உங்க ஊர் கண்ணாஸ்பத்திரியில நாலாந்தேதி அவளுக்கு ஆபரேஷன்னு நீ ஏற்பாடு பண்ணியிருந்தே. ரெண்டாந்தேதி காலையில கிளம்பிட்டோம். அவ மடியில துணிப்பை. ஆறாவது கிலோமீட்டர்ல சூட்டு முள் சிவப்பைத் தொட்டுது. முன்னாடி குபுகுபுன்னு ஆவி. தண்ணி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு உன் அக்கா, அடுப்பை அணைச்சுட்டுத்தானே வந்தீங்கன்னு கேக்கறா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. ரோட்டோரமா ஒரு வீட்டுல தண்ணி வாங்கி ஊத்தி, நத்தை மாதிரி வீடு வந்து சேந்தோம்.

வண்டி யாரு குடுத்தது? நீ. பட்டறையை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்குப் போறப்ப, இன்னும் பத்து வருஷம் சீரா ஓடும் மாமான்னு எங்க தலையில கட்டிட்டுப் போனே. தேதி தவறினதுக்கு நான் காரணமா, உன் வண்டி காரணமா?

பஸ்ஸுல கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கறே. ரெண்டு பஸ் மாறணும். படி எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னே அவளுக்கு இப்பத் தெரியல. கூட்டத்துல இடிச்சுத் தள்ளினா யார் பொறுப்பு?

முப்பத்தொரு வருஷம் ஊர்த் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டவன் நான். மணிக்கொரு தடவை மீட்டர் பாத்து நோட்டுல எழுதினவன். ஊருக்கே தண்ணி ஏத்தினவனுக்கு ஒரு கார் தொட்டிக்குத் தண்ணி ஏத்தத் தெரியாதா? இருந்தாலும் நீ மெக்கானிக்கு படிப்பு படிச்சவன், நான் அஞ்சாங்கிளாஸ். என்ன பண்ணணும்னு எழுது.

ஆபரேஷன் முடிஞ்சதும் அக்கா இனி எங்க வீட்டுலதான்னு சொன்னியே, அதுக்கு மட்டும் நான் பதில் எழுதல. எழுதினா பேனா முறிஞ்சுடும்.

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 11

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேலியை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். சருகும் பூச்சியும் அடைத்திருந்தால் காற்று போகாது. மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் போதும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். மேலேயும் கீழேயும் உள்ள ரப்பர் ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். வெடிப்போ ஈரமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்தால் எங்கே சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தாலும் தண்ணீர் வெளியேறும். ஆனால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் மேலே அடிக்கும்.

இப்போது முக்கியமானது. இதை அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். டாக்டரை நேரில் பார்த்துப் பேசினேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இடது கண்ணில் இனி செய்ய ஒன்றும் இல்லை. வலது கண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். போன பார்வை எந்த வைத்தியத்தாலும் திரும்பாது என்று சொன்னார். இருபத்தேழாம் தேதி இடம் கொடுத்திருக்கிறார்.

வண்டி சரியாகாவிட்டால் பட்டறை வண்டியை அனுப்புகிறேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது அக்கா. அவளைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு நீளம்தான்.


பிப்ரவரி 15. மீட்டர் 61,243.

மாப்ளே,

பட்டறை வாத்தியாரே, நீ எழுதினபடியே எல்லாம் செஞ்சேன். ஒண்ணே ஒண்ணு தவிர. மூடியைச் சூட்டோட தொறக்காதேன்னு நீ எழுதினது பக்கத்தோட அடியில. நான் மேல பாதியைப் படிச்சதுமே எழுந்து போயிட்டேன். இப்ப இடது முழங்கைக்குக் கீழே தோல் உரிஞ்சு கிடக்குது. உன் அக்கா தடவித் தடவி மருந்து போட்டா. பாதி கைக்கு, பாதி சட்டைக்கு. இனிமே ஆபத்தையெல்லாம் முதல் வரியில எழுது, என் மாதிரி ஆளுங்களும் படிக்கறாங்க.

ரேடியேட்டர் முன்னாடி ஒரு குப்பைத்தொட்டி அளவுக்குச் சருகு. எடுத்துட்டேன். பெல்ட் விறைப்பாத்தான் இருக்கு, உன்னை மாதிரியே. அட்டை விரிச்சேன், கீழ் ஹோஸ் மாட்டுற இடத்துல சொட்டு விழுந்துச்சு. புது ஹோஸ் போட்டேன், மூடியும் புதுசு போட்டேன். இப்ப தண்ணி குறையல. ஆனா சூடு குறையலியே. முச்சந்தி வரைக்கும் போய்ப் பாத்தேன். நிக்கவெச்சு ஓடவிட்டா முள் மெதுவா ஏறுது. ரோட்டுல வேகம் பிடிச்சா விறுவிறுன்னு ஏறுது. பாதியைத் தாண்டினதும் பயந்து திரும்பிட்டேன். போக வர மூணு கிலோமீட்டர்.

இன்ஜினை ஓடவிட்டு உன் அக்காவை டிரைவர் சீட்டுல உக்காரவெச்சு, முள் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுன்னேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அவ கோவிக்கல. கண்ணாடியைத் தொட்டுப் பாத்துட்டு, இங்கதான் இருக்கும், நீங்க வந்து பாருங்கன்னா.

உன் பட்டறை வண்டி இந்தத் தெருவுக்குள்ள வந்துச்சுன்னா வாசக்கதவுக்குத் தாப்பாள்தான். உன் அக்கா என்கூட வந்தா நம்ம வண்டியிலதான் வருவா. அவளும் அதைத்தான் சொல்றா. உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன், கையெழுத்து திருந்தியிருக்கான்னு கேட்டா. இல்லைன்னேன்.

அடுத்து என்ன செய்யணும்?

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 19

மாமாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

தண்ணீர் குறையவில்லை, பெல்ட் சரி, காற்றுப் போகிறது, ஆனாலும் வேகம் பிடித்தால் சூடேறுகிறது என்றால், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறது, ரேடியேட்டருக்கு வரவில்லை என்று அர்த்தம். இரண்டில் ஒன்றுதான் காரணம். ரேடியேட்டர் உள்ளே துரு அடைத்திருக்கலாம். அல்லது சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடியே சிக்கியிருக்கலாம்.

வால்வுதானா என்று கண்டுபிடிப்பது எளிது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸில் உள்ளங்கையை வையுங்கள். ஃபேனிடமிருந்து கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஹோஸ் ஆறியே இருந்தால் வால்வுதான் காரணம். மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புது வால்வு போடுங்கள். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால், இந்த ஒரு பயணத்துக்கு வால்வு இல்லாமலே ஓட்டலாம், ஒன்றும் ஆகாது.

அக்கா உங்களோடுதான் வருவேன் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவள் அப்படித்தான் சொல்வாள் என்பதால் வண்டி அனுப்பவில்லை. என்மேல் உங்களுக்குள்ள கோபத்தை அவள் கண்ணில் காட்டாதீர்கள். இருபத்தேழு. மறக்க வேண்டாம்.


பிப்ரவரி 25. மீட்டர் 61,502.

மாப்ளே,

உன் வைத்தியம் பலிக்கல.

உன் அக்கா அடுப்படியில இல்லாத நேரமாப் பாத்து, பால் காய்ச்சுற பாத்திரத்துல அந்த வால்வைத் தொங்கவிட்டேன். வாசனையை வெச்சே கண்டுபிடிச்சுட்டா. எண்ணெய் பிடிச்ச சாமானை என் பாத்திரத்துல போட்டது யாருன்னா. உன் தம்பின்னு சொல்லிட்டேன். தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே வால்வு பூ மாதிரி வாயைத் தொறந்துது. பழுது ஒண்ணும் இல்ல. பழையபடி மாட்டிட்டேன். ரேடியேட்டரையும் ஹோஸால தண்ணி பீச்சிக் கழுவினேன், செம்மண் மாதிரி துரு வந்துச்சு. அப்புறமும் கொதிக்குது.

இப்ப புதுசா ஒண்ணு. ரோட்டுல ஓடினா முள் இறங்கிடுது. நின்னா விறுவிறுன்னு ஏறுது. தண்ணியும் தினமும் ரெண்டு செம்பு குறையுது. பின்னாடி வெள்ளைப் புகை வேற. இந்த வண்டிக்கு என்னமோ பெரிய வியாதி மாப்ளே. ஆறு கிலோமீட்டர் தாண்ட மாட்டேங்குது. இருபத்தேழுக்கு வர வழியே இல்ல. டாக்டர்கிட்ட பேசி அடுத்த மாசம் கடைசியில வாங்கு. அதுக்குள்ள நிதானமா ஒவ்வொண்ணா எழுது, நான் செஞ்சு பாக்கறேன். எனக்கு வேற என்ன வேலை.

பயப்படாதே, உன் அக்காவுக்கு அவ்வளவு மோசம் இல்ல. நேத்துகூட சர்க்கரை டப்பாவைச் சரியா எடுத்தா. உப்பு டப்பா பக்கத்துலதான் இருந்துச்சு.

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 28

மாமாவுக்கு,

இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆறு கிலோமீட்டரோ அறுபதோ, எப்படியாவது அவளைக் கொண்டு வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். இன்று உங்கள் கடிதம் வந்தது.

இருபது வருடமாக இன்ஜின் பார்க்கிறேன். வேகம் பிடித்தால் விறுவிறுவென்று சூடேறிய வண்டி, பத்து நாளில் நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிற வண்டியாக மாறாது. யாரோ நாலு பேர் நாலு வண்டியைப் பற்றிச் சொன்னதை ஒரே வண்டிக்கு ஏற்றி எழுதியிருக்கிறீர்கள். இதை நான் முதலில் படித்தபோது உங்களுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன். முதல் கடிதத்தில் 61,240. அடுத்ததில் 61,243. கடைசியில் 61,502. நீங்களே எழுதியது, உங்கள் கையெழுத்து. பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருடம் மீட்டரை ஒரு எண் கூட மாற்றி எழுதாதவர் நீங்கள். என்னிடம் எதை வேண்டுமானாலும் பொய்யாக எழுத உங்களுக்குக் கை வந்தது. மீட்டரை மட்டும் பொய்யாக எழுத வரவில்லை.

பத்து நாளில் இருநூற்று ஐம்பத்தொன்பது கிலோமீட்டர். உங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நூற்று இருபத்துநாலு. போக வர இருநூற்று நாற்பத்தெட்டு. மீதிப் பதினொன்றுக்கு எங்கே சுற்றினீர்கள் என்று தெரியவில்லை. ஆக, வால்வு திறக்கவில்லை. புதுசு போட்டுவிட்டீர்கள். வண்டி நன்றாக ஓடுகிறது. நீங்கள் இங்கே வந்துவிட்டு, அவள் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

ஏன் என்று கேட்க மாட்டேன். உங்கள் குரல் மட்டுமில்லை, காரணமும் எனக்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்தை என் மனைவி கையில் கொடுத்து, வண்டியோடு அனுப்புகிறேன். அவளே ஓட்டி வருகிறாள். நீங்கள் இதை அக்காவுக்கு உங்கள் வாயால், ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். வாசித்து முடிக்கும் வரை அவள் அங்கேயே நிற்பாள். நாளை மறுநாள் டாக்டர் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துத்தான் சொல்வாராம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் இருப்பது என்று அக்கா சொல்லட்டும். உங்களிடமும் கேட்க வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம்.


மார்ச் 1. மீட்டர் 61,502.

மாப்ளே,

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, வந்துட்டா. உள்ளே வந்து உக்காரும்மா, உன் புருஷன் நாற்காலியில உக்காரக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கானான்னு கேட்டேன். சிரிக்கல. கவரைக் கையில குடுத்துட்டு, நீங்க அண்ணிக்குப் படிச்சு முடிக்கற வரைக்கும் இருந்துட்டு வரச் சொன்னாருன்னு நிலைப்படியில சாஞ்சு நின்னுக்கிட்டா.

படிச்சேன். ஒரு வரி விடல. நடுவுல ஒரு இடத்துல இருமினேன், அது நிஜமான இருமல்தான்.

முடிச்சதும் உன் அக்கா, நீ முன்னாடி எழுதின ரெண்டு கடுதாசியையும் எடுத்துட்டு வரச் சொன்னா. மறுபடி படிங்க, தங்கச்சி பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும்னா. முப்பத்தெட்டு வருஷத்துல என் வாய்க்கு அவ காவல் போட்டது இதுதான் முதல் தடவை. பதினொண்ணாந்தேதிக் கடுதாசியில டாக்டர் சொன்ன இடம் வந்துச்சு. ஒரு மாசத்துக்குள்ளன்னு வாசிச்சதும் கையைத் தூக்கி நிறுத்தினா.

"இதை அன்னைக்கு நீங்க படிக்கல."

"படிக்கல."

"அதுக்குப் பதிலா என்ன படிச்சீங்க?"

"அவசரம் ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னதாப் படிச்சேன்."

கொஞ்ச நேரம் அந்தத் தூக்கின கை அப்படியே இருந்துச்சு. அப்புறம் மடியில வெச்சுக்கிட்டா.

"அதான் நான் நிம்மதியா இருந்தேன்"னா.

மாப்ளே, நீ என்னை என்ன வேணும்னாலும் திட்டியிருக்கலாம். அவ திட்டவும் இல்ல.

பட்டறை வண்டி பத்தி நீ எழுதினதையும் நான் அவளுக்குப் படிக்கல. என்கூடத்தான் வருவேன்னு அவ சொன்னதா எழுதினது நானே எழுதினது. அவளை யாரும் கேக்கவே இல்ல. போன வாரம் விளக்கைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுதுன்னா. பல்பு பழசுன்னு சொல்லி, ஸ்டூல் போட்டு ஏறிப் புதுப் பல்பு மாட்டினேன். இப்ப எப்படி இருக்குன்னு கேட்டேன். பரவாயில்லைங்கன்னா. இதையெல்லாம் நீ கேக்கல. ஆனா அவ சொல்றா, தம்பிக்குப் பதில் எழுதுங்க, எழுதறதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதுங்கன்னு. எதிர்ல உக்காந்திருக்கா. பை மடியில. தங்கச்சி வண்டியைத் திருப்பி நிறுத்தப் போயிருக்கா. அதனால சொல்லிக்கிட்டே எழுதறேன்.

வால்வு தொறக்கல. தண்ணி கொதிச்சு வத்தினப்புறமும் தொறக்கல. நீ சொன்னதுதான் சரி. புதுசு போட்டு, இருபத்திரண்டாந்தேதி, ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்னு அவளைப் பக்கத்து வீட்டம்மா பொறுப்புல விட்டுட்டுக் கிளம்பினேன். ஆறு தாண்டுச்சு, இருபது தாண்டுச்சு, முள் ஆடவே இல்ல. எனக்கு ஒரே குஷி. அப்படியே உன் வீட்டுக்கே போய், பாருடா உன் ஓட்டை வண்டியை நான் ஓடவெச்சுட்டேன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு தோணுச்சு. நீ கேட்ட பதினொரு கிலோமீட்டர் உன் தெருவைத் தேடினது. நாலு பேர் நாலு வழி சொன்னாங்க.

கேட்டுக்கு வெளியே நின்னேன். உன் முன்னறை ஜன்னல் தொறந்திருந்துச்சு. புதுசா வெள்ளையடிச்சிருந்தே. ஒரு கட்டில். கட்டில்லேருந்து குளியலறைக் கதவு வரைக்கும், சுவத்தோட, கை வெக்கற உயரத்துல மரத்துல ஒரு பிடி போட்டிருந்தே. தரையெல்லாம் இழைப்புத் தூள். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அந்தப் பிடியைத் தடவிக்கிட்டே நடந்து பாத்தே. ஒரு இடத்துல நின்னு, மறுபடி உப்புத்தாளால தேய்ச்சே. சிராய் இருந்திருக்கும்.

கூப்பிடாமலே வண்டியைத் திருப்பிட்டேன்.

இவன் அவளைத் திருப்பி அனுப்ப மாட்டான்னு முதல்ல நினைச்சேன். திரும்பி வர்ற வழியில யோசிச்சேன், அதுகூட இல்ல. அங்க போனா அவளுக்கே திரும்பி வர மனசு வராது. என் வீட்டுல அவ சுவத்தைத் தடவித்தான் நடக்கறா. அடுப்படிக்குத் திரும்பற இடத்துல ஒரு ஆணி இருக்கு, வாரத்துக்கு ரெண்டு தடவை கையைக் கீறிக்கறா. அதைப் பிடுங்க ஒரு நிமிஷம் ஆகும். வீட்டுல கொறடு இருக்கு. இந்தா, இப்ப சொல்றப்பக்கூட அந்த ஆணி அங்கதான் இருக்கு.

இதைக் கேட்டுட்டு அவ லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. மறுபடி பாத்தேன், சிரிக்கல.

கண்ணு நல்லாயிட்டாலும் போயிடுவா, நல்லாகலைன்னாலும் போயிடுவா. போகாம இருக்கணும்னா வண்டி ஓடக்கூடாது. இவ்வளவுதான் மாப்ளே என் கணக்கு. ஒரு மாசங்கறது எனக்கு நல்லாத் தெரியும். தினமும் தேதி கிழிக்கறவன் நான். தெரிஞ்சுதான்

எழுந்துட்டா.

இரு, இன்னும் முடிக்கலன்னேன். சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதச் சொன்னவளே நீதானேன்னேன். நிக்கல. தங்கச்சி ஓடி வந்து கையை நீட்டறா, அதையும் பிடிச்சுக்கல. பையை மார்போட அணைச்சுக்கிட்டு, காலால தேடித் தேடி வைக்கறா. வாசல்ல ரெண்டு படி. ஒண்ணு இறங்கிட்டா. மாப்ளே, உனக்கு எழுதறது இருக்கட்டும், அவகிட்ட நான் என்ன சொல்ல வந்தேன்னா, அவ போயிட்டா இந்த வீட்டுல நான்